மின்சாரம் இல்லாத ஓவன் அனுப்பிய எழுத்துகள்

இருபத்தாறு வயதில் வேலையை விட்டு நிற்கிறவள் அடுத்து வருகிறவர்களுக்கு அறிவுரை சொல்வது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனாலும் இந்த மாதக் கடைசியில் என் மேசை உங்கள் இருவருக்கும் வரப்போகிறது. சாலிடர் அயர்ன், மல்டிமீட்டர், கம்ப்யூட்டர், கேபிள் சுருள் எல்லாவற்றுக்கும் பட்டியல் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். பட்டியலில் எழுத முடியாத ஒன்று பாக்கி இருக்கிறது. நேரில் சொல்ல இரண்டு முறை வாய் திறந்தேன். இரண்டு முறையும், ஓவன் கதவில் ஜாக்கிரதையாக இருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். எழுத்தில் தைரியம் வருகிறதா பார்க்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற வழியில், பிள்ளைப்பாக்கத்துக்குத் திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் நம் ஷெட்டில் இரண்டு ஓவன்கள் இருக்கின்றன. மறைமலை நகருக்குப் போகும் இரும்புப் பாகங்களுக்குப் பெயின்ட் அடித்து அவற்றில் சுடுவோம். ஓவன் என்றால் அடுப்பு அளவு இல்லை. ஆள் நிமிர்ந்து நடந்து உள்ளே போகலாம், தள்ளுவண்டியோடு போகலாம். சூடு வெளியே போகாமலிருக்கக் கண்ணாடிக் கம்பளி அடைத்த தடித்த கதவு. தாழ்ப்பாள் அப்போது வெளியில் மட்டும்தான் இருந்தது. கதவு நிலையின் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் நம் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. உள்ளே எவ்வளவு சூடு, கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதை அது பத்து விநாடிக்கு ஒரு வரியாகக் கேபிள் வழியே அலுவலக அறைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும்.

இரண்டு பக்கமும் ஒரே வேகம் வைக்க வேண்டும், இங்கே பேசும் ஊசி அங்கே கேட்கும் ஊசிக்குப் போக வேண்டும், பொதுக் கம்பி இல்லாமல் எதுவும் நடக்காது என்பதெல்லாம் டிப்ளமோவில் படித்திருப்பீர்கள். படித்திருந்தும் முதல் மாதம் மாற்றிப் போடுவீர்கள். நானும் போட்டேன். அதற்காக அழ வேண்டாம்.

கேபிள் நல்லதா கெட்டதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஓவன் பக்கத்தில் போர்டைக் கழற்றிவிட்டு, கேபிள் முனையில் இரண்டாம் ஊசியையும் மூன்றாம் ஊசியையும், அதாவது கேட்பதையும் பேசுவதையும், ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிடுங்கள். அறைக்கு வந்து எதையாவது தட்டினால், அது ஷெட்டின் கோடி வரை போய்த் திரும்பி வந்து திரையில் விழும். முதல் முறை எனக்கு வேறு எதுவும் தோன்றாமல் என் மகளின் பெயரைத் தட்டினேன். எழுத்து எழுத்தாகத் திரும்பி வந்தது. அந்தப் பக்கம் யாரும் இல்லை, போர்டுகூட இல்லை என்று தெரிந்தும், யாரோ அங்கிருந்து அவளைக் கூப்பிட்டது போல் உடம்பு சிலிர்த்துவிட்டது. பிறகு எண்களை மட்டும்தான் தட்டினேன். நீங்களும் பெயர் எதையும் தட்டாதீர்கள். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

இனி என் தப்புகள். இரண்டு.

முதலாவது ஆகஸ்டில். ஓவன் நூற்றெண்பது டிகிரியில் இருந்தபோது திரையில் தொள்ளாயிரத்து எண்பது என்று வந்தது. ஒரே ஒரு முறை. நான் அலறிக்கொண்டு ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டேன். உள்ளே இருந்த பாகங்கள் அரைவேக்காடாகி, எல்லாவற்றையும் சுரண்டி மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று. வழியில் ஒரு பிட் மாறினால் ‘1’ என்ற எழுத்து ‘9’ ஆகிவிடும், அவ்வளவுதான் நடந்தது. அன்றிலிருந்து சூப்பர்வைசர் வாயில் எனக்குப் பெயர் ‘தொள்ளாயிரம் மேடம்’. ஷெட்டைப் பெருக்கும் அஞ்சலைகூட, “தொள்ளாயிரம் டிகிரியிலயும் வேகாத உங்க மூஞ்சி மட்டும் வெள்ளையா கீதே மேடம், இன்னா பவுடர் போட்றீங்க?” என்று கேட்டாள். அவளுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். பிள்ளைப்பாக்கத்துக்காரி. கம்ப்யூட்டரை ‘டப்பா’ என்பாள்.

அந்த அவமானத்தில் புரோகிராமை மாற்றினேன். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு கூட்டுத்தொகை வரும். கூட்டிப் பார்த்துப் பொருந்தாத வரியைத் தூக்கி எறிந்துவிடும். அது சரியான வேலைதான், நீங்களும் செய்ய வேண்டியதுதான். ஆனால் எத்தனை வரி எறியப்பட்டது என்ற எண்ணிக்கையைத் திரையிலிருந்து எடுத்துவிட்டேன். “விசிட்டர் வர்ற எடம்மா, ஸ்க்ரீன் நீட்டா இருக்கணும்” என்றார் சூப்பர்வைசர். எனக்கும் அந்த எண் கண்ணில் படாமல் இருப்பது நிம்மதியாக இருந்தது.

இரண்டாவது தப்பு செப்டம்பரில். தள்ளுவண்டி இடித்து இரண்டாம் ஓவனின் கனெக்டர் பிய்ந்துவிட்டது. ஷிப்ட் முடிகிற நேரம். என் பதினோரு மாதக் குழந்தை மணிமங்கலத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். ஷிப்ட் முடிந்ததும் வரும் பேருந்தை விட்டால் அடுத்தது ஒன்றேகால் மணி நேரம் கழித்து. நின்றபடியே சாலிடர் வைத்தேன். கேபிளை இறுக்கிப் பிடிக்கும் திருகு ஒன்று ஓவனுக்கு அடியில் உருண்டு போய்விட்டது. டேப் சுற்றிவிட்டுக் கிளம்பினேன். கம்பியில் ஒரு மெல்லிய இழை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேனா இல்லையா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பார்த்தேன் என்றுதான் சில நாட்கள் தோன்றுகிறது. திங்கட்கிழமை சரி செய்யலாம் என்று நினைத்தது மட்டும் நிச்சயம். நான்கு திங்கட்கிழமைகள் போயின. கெட்ட வரிகளைப் புரோகிராம் விழுங்கிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஆயுத பூஜையன்று மத்தியானம் மெயின் லீவரை இறக்கி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி வாங்கிக்கொண்டு போய்விட்டோம். நம் ஷெட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. அடுத்த வருடம் நீங்களே பார்ப்பீர்கள். மறுநாள் விஜயதசமி காலையில் ஒவ்வொரு மெஷினின் சுவிட்சையும் முன்கூட்டியே ‘ஆன்’ பக்கம் தள்ளி வைத்துவிடுவார்கள். நல்ல நேரத்தில் முதலாளியின் அப்பா ஒரே ஒரு லீவரை ஏற்றுவார். அந்த ஒரே கணத்தில் ஷெட் முழுக்க உயிர் வர வேண்டும். ஒன்று கிளம்பாவிட்டாலும் அந்த வருடம் சரியிருக்காது என்று பெரியவருக்கு நம்பிக்கை. ஓவன் ஹீட்டர் கதவு மூடியிருந்தால்தான் எரியும். ஆகவே கதவுகளும் மூடியிருக்க வேண்டும்.

நல்ல நேரம் பத்தரை. நான் ஒன்பதே முக்காலுக்கு அறைக்குள் போனேன். ஷெட்டில் மின்சாரம் இல்லை. கம்ப்யூட்டர் மட்டும் பேட்டரியில் ஓடியது. வடிகட்டும் புரோகிராமைப் போடவில்லை. மின்சாரம் வந்தவுடன் போர்டு அனுப்பும் முதல் சொல்லைப் பார்க்க வேண்டும் என்பதால், வருவதையெல்லாம் அப்படியே காட்டும் வெறும் திரையை இரண்டாம் ஓவனின் கேபிளுக்குத் திறந்து வைத்திருந்தேன். கறுப்புத் திரை. மூலையில் துடிக்கும் ஒரு கோடு.

பத்து மணிக்கு ஒரு முகம் வந்தது.

சின்னதாக, சிரித்த முகம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கேபிளில் வரும் சில எண்களுக்கு இந்தக் கம்ப்யூட்டர் எழுத்துக்குப் பதில் சிரித்த முகம், இதயம், பெயர் தெரியாத அந்நிய எழுத்துகள் என்று காட்டும். கேபிளில் குப்பை வந்தால் இப்படித்தான் தெரியும். எனக்குத் தெரியும். ஆனால் குப்பை வருவதற்கும் எங்காவது ஏதாவது ஓட வேண்டும், ஒரு மோட்டாராவது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஷெட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அந்தப் பக்கத்துப் போர்டில் உயிர் இல்லை.

ஐந்து முகங்கள். நின்றது. ஒரு இதயம், ஒரு கோடு, மூன்று முகங்கள். நின்றது. மறுபடி ஐந்து.

கேபிளைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கினேன். திரை வெறுமையானது. செருகினேன். முகங்கள் வந்தன. ஆக, கம்ப்யூட்டரில் இல்லை, கேபிளிலிருந்துதான் வருகிறது.

வாசலில் ஆட்டோ பேட்டரியில் ஆம்ப்ளிஃபையர் வைத்து அம்மன் பாட்டு போட்டிருந்தார்கள். கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. அந்த அதிர்வில்தான் கனெக்டர் ஆடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடுக்கைச் சத்தத்தோடு முகங்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்தேன். பொருந்தவில்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சில விநாடி அமைதி வந்தது. அந்த அமைதியிலும் திரையில் நான்கு முகங்கள் விழுந்தன.

ஜன்னல் வழியே பார்த்தேன். ஷெட்டின் கோடியில் இரண்டாம் ஓவன், கதவு மூடி, சாமந்தி மாலை போட்டு. பக்கத்தில் ஒருவரும் இல்லை. எல்லோரும் நடுவில், லீவர் இருக்கும் பேனலைச் சுற்றி நின்றார்கள். மாலை அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பின்னால் கம்ப்யூட்டர் மறுபடி எழுதியது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

மணி பத்து இருபது. போய்ச் சொல்லலாமா? என்னவென்று சொல்வது? செத்த போர்டு சிரிக்கிறது என்றா? ஆகஸ்டில் நான் ஓடியதை ஷெட் மறக்கவில்லை. பெரியவர் நல்ல நேரத்துக்குக் குளித்துவிட்டு விரதமிருந்து வந்திருக்கிறார். இன்னொரு முறை தப்பாக நிறுத்தினால் என் பெயர் என்ன ஆகும், வேலை என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். இதை மறைக்க விரும்பவில்லை. நான்கு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்தவளிடமிருந்து எடுத்த நான்கு நிமிடம்.

எழ வைத்தது அறிவு இல்லை. எண்ணிக்கை. ஐந்து, ஐந்து, நான்கு, நான்கு, மூன்று. இடைவெளிகள் நீண்டுகொண்டே போயின.

தினமும் சாயங்காலம் தெருமுனையில் இறங்கும்போதே என் மகள் எவ்வளவு நேரமாக அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். முதலில் நெருக்கமாக வரும். பிறகு இடைவெளி விழும். பிறகு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறையும். குறைகிறதென்றால் பசி தீர்ந்தது என்று அர்த்தம் இல்லை. மோட்டாரால் கேபிளில் வரும் குப்பை காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி வரும். அதற்குக் களைப்புக் கிடையாது. இதற்குக் களைப்பு இருந்தது.

இரண்டு முகங்கள் வந்தன. நான் ஓடினேன்.

கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. பெரியவர் லீவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். நான் நேராக ஆம்ப்ளிஃபையரிடம் போய்ப் பேட்டரி வயரைப் பிடுங்கினேன். பாட்டு செத்தது. ஷெட் முழுக்கத் திரும்பியது.

“நிறுத்துங்க! ஏத்தாதீங்க!”

“இன்னாம்மா, மறுபடியும் தொள்ளாயிரமா?” என்றார் சூப்பர்வைசர். நாலைந்து பேர் சிரித்தார்கள். “கரண்டே இல்ல, இன்னாத்த பாத்தே?”

“ரெண்டாவது ஓவனத் திறந்து பாத்துட்டு ஏத்துங்க சார்.”

“நான்தாம்மா மூடி மாலை போட்டேன். உள்ள வண்டிதான் கீது.”

“நேரம் போவுது” என்றார் பெரியவர். கை இன்னும் லீவரில்தான் இருந்தது.

வாயில் வந்தது இதுதான்: “இங்க யார் இல்ல? யார் குறையறாங்கன்னு எண்ணுங்க!”

கேன்டீன் பெண் ஒருத்தி, “அஞ்சலக்காவக் காணோம். கோலப்பொடி எடுத்துக்கினு போச்சு” என்றாள்.

பெரியவர் கையை எடுத்துவிட்டார். சூடு பட்டது போல எடுத்தார்.

நான் ஓடித் தாழ்ப்பாளைத் தூக்கினேன். கதவோடு சேர்ந்து அஞ்சலை வெளியே சரிந்தாள். புடவை நனைந்திருந்தது. வலது கை மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது. ஒரு செருப்பு கையில், ஒன்று காலில். உள்ளே தள்ளுவண்டிக்குப் பின்னால், தரையில், பாதி போட்ட கோலம். நெருப்பு இருக்கிற இடம் வெறுமையாக இருக்கக்கூடாது என்று வருடா வருடம் அவள் உள்ளேயும் ஒரு சின்னக் கோலம் போடுவாளாம். நமக்குத் தெரியாது. சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தபோது வண்டிக்குப் பின்னால் குனிந்திருந்திருக்கிறாள்.

தண்ணீர் குடித்த பிறகு அவள் முதலில் சூப்பர்வைசரைத்தான் பார்த்தாள். “வேக வெச்சி மறைமலை நகர்க்கு அனுப்பலாம்னு பாத்தியா சார்?” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

லீவரை அன்று ஏற்றவில்லை. பெரியவரே வேண்டாம் என்றார்.

மத்தியானம் நான் தனியாகப் போய்க் கனெக்டரைத் திறந்தேன். அந்த இழை அங்கேதான் இருந்தது. கம்ப்யூட்டர் தன் பக்கத்திலிருந்து ‘நான் தயார்’ என்று சொல்ல ஒரு கம்பியில் எப்போதும் பன்னிரண்டு வோல்ட் வைத்திருக்கும். கதவை உள்ளிருந்து அடிக்கும்போதெல்லாம் நிலை அதிர்ந்து, அந்தக் கம்பியின் இழை பக்கத்தில் இருந்த கேட்கும் கம்பியைத் தொட்டிருக்கிறது. போர்டு பேசவே இல்லை. கம்ப்யூட்டர் தன் சொந்த மின்சாரத்தையே, அஞ்சலையின் கை வழியாக, திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: போர்டை அணைத்துவிட்டால் கேபிள் அணைந்துவிட்டதாக அர்த்தம் இல்லை.

இதில் உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய பாடம் என்ன என்று இரண்டு மாதமாக யோசிக்கிறேன். இழையை ஒழுங்காக வெட்டுங்கள், திருகை முடுக்குங்கள் என்று சொல்ல வேண்டும். அப்படி நான் செய்திருந்தால் அஞ்சலை இன்று இல்லை. வடிகட்டும் புரோகிராம் எழுதுங்கள் என்று சொல்ல வேண்டும். அன்று அதைப் போட்டிருந்தால் திரை சுத்தமாக இருந்திருக்கும். என் அவசரமும் அலட்சியமும் ஒருத்தியைக் காப்பாற்றின என்று சந்தோஷப்பட என்னால் முடியவில்லை. சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், “நானும் வண்டிக்குப் பின்னாடி பாக்கல மேடம்” என்றார். அதன் பிறகு அவர் என்னைத் தொள்ளாயிரம் என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் தேவலை என்று சில சமயம் இருக்கும்.

மறுவாரம் கைக்கட்டோடு வந்த அஞ்சலை, நான் புது கனெக்டர் சாலிடர் வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அத்த அப்படியே வுட்டா இன்னா மேடம்? எனுக்கு ஒரு பேச்சுத் துணையா இருந்துச்சு.”

“தப்பு அக்கா. சரி பண்ணித்தான் ஆகணும்.”

“சரி பண்ணு. ஆனா ஒண்ணு. நான் அவ்ளோ நேரம்லாம் தட்டல. மொதல்ல செருப்பால கொஞ்ச நேரம் தட்னேன். அப்புறம் கை வரல. கதவாண்ட தல சாச்சி கண்ண மூடினு குந்திகினேன். நீ வர்றதுக்கு ரொம்ப நேரம் முன்னாடியே.”

சாலிடர் அயர்னைக் கீழே வைத்தேன். இருட்டில் அடைபட்டவளுக்கு நேரம் எப்படித் தெரியும், அரை மயக்கத்திலும் கை தட்டிக்கொண்டிருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டேன். அவளிடமும் அதைத்தான் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், ஒப்புக்கொண்டது போலவும் இல்லை. அந்தக் கடைசி இரண்டு முகங்களை நான் கண்ணால் பார்த்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இப்போது இரண்டு ஓவன்களிலும் உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாள் இருக்கிறது. வாரம் ஒருமுறை நீங்களே உள்ளே போய்க் கதவை மூடி, தள்ளிப் பாருங்கள். வெளியே ஒருத்தி, உள்ளே ஒருத்தி. லீவர் ஏற்றுவதற்கு முன் ஆட்களை எண்ணுகிறார்கள். அதை நிறுத்த விடாதீர்கள். எறியப்பட்ட வரிகளின் எண்ணிக்கையை மறுபடி திரையின் வலது மூலையில் போட்டிருக்கிறேன். விசிட்டர் வந்தாலும் அதை எடுக்காதீர்கள். அது ஏறினால், என்ன வந்தது என்பதைவிட எப்போது வந்தது என்று முதலில் பாருங்கள்.

நேற்று மாலை கிளம்பும் முன் பார்த்தேன். இரண்டாம் ஓவனுக்கு நேரே பூஜ்யம். அதற்கு முந்தைய நாளும் பூஜ்யம். என் புது சாலிடர் அவ்வளவு நன்றாக இருக்கிறது. இனி உள்ளே யார் எவ்வளவு தட்டினாலும் ஒரு எழுத்துகூட இந்தத் திரைக்கு வராது.

அதனால் பூஜ்யமாக இருக்கும்போது எழுந்து போய்ப் பாருங்கள்.